இவங்க உங்களுக்கு என்ன வேணும்?

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் முதுகுவலியும் அத்தானின் சர்க்கரையும் அடங்கி நடக்கின்றனவா? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததுமே உனக்கு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் தாளும் பேனாவும்.

நம் மேஸ்திரி செய்திருக்கும் வேலையைக் கேள். சின்ன வயதில் எல்லோரையும் அதிகாரம் செய்கிறான் என்று சித்தப்பா மகனுக்கு நாம் வைத்த பெயர் சரியாகத்தான் இருக்கிறது. டைல்ஸ் கடையில் காசு சேர்ந்துவிட்டது. நவம்பரில் புது வீட்டுக்குப் போகிறான். அந்த ஹாலில் மாட்ட, ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டி நம் குடும்ப வம்சாவளிப் படம் போடச் சொல்லியிருக்கிறான். சரிபார்க்க எனக்கு ஒரு நகல் வந்தது.

உச்சியில் ஒரு படைத்தளபதி, மீசையோடு. "இதுக்கு என்னடா ஆதாரம்?" என்று கேட்டேன். "கம்பெனிக்காரங்க ரிசர்ச் பண்ணியிருக்காங்கக்கா" என்றான். ஆண்களுக்கெல்லாம் தடித்த கோடு போட்ட கட்டம். பெண்டாட்டிகள் அதன் அடியில் வெளிறிய துண்டுச் சீட்டு மாதிரித் தொங்குகிறார்கள். நம் அப்பாவின் கட்டத்துக்குக் கீழே நாம் இருவர். நமக்குக் கீழே சின்ன எழுத்தில் 'கிளை நிறைவு'. நாற்பத்தாறு வயதில் நான் நிறைவடைந்துவிட்டேன் அக்கா. என் மகன் எந்த மரத்திலிருந்து உதிர்ந்தானோ!

கேட்டால் சிரிக்கிறான். "பிடிக்கலைன்னா நீங்களே ஒண்ணு போட்டுக்கோங்களேன், காசு செலவில்லாம." போடத்தான் போகிறேன்.

நீயும் கொஞ்சம் உதவி செய். முதலில் ஒன்று. நாம் சின்னவர்களாக இருந்தபோது வீட்டுக்கு வந்து துணி தைத்துக் கொடுப்பார்களே, தையல் பெரியம்மா, அவர்கள் நமக்கு எந்த வழியில் பெரியம்மா?

உன் தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

மேஸ்திரி விஷயத்தில் நீ ரத்தத்தைக் கொதிக்கவிடாதே. அவன் வீட்டுச் சுவர், அவன் மாட்டிக்கொள்கிறான்.

எனக்கு ஒரு சந்தேகம். நீ கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் கேட்கிறேன். தெரிந்தவர் ஒருவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வயது எழுபதுக்கு மேல். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று ஆரம்பித்தது, இப்போது படியே தெரியவில்லை. ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார். இன்னும் முற்றட்டும் என்று காத்திருக்கலாமா?

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

புரை முற்றட்டும் என்று காத்திருப்பதெல்லாம் அந்தக் காலம். முற்றினால் எடுப்பதுதான் கஷ்டம். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போனால், முதல் கண்ணை முடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூட ஒருவர் வரவேண்டும், கையெழுத்துப் போட. அந்த ஆளைத்தான் என் மேசையில் உட்காரவைத்து முதல் கேள்வி கேட்பேன்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" பெரும்பாலும் பதில் டக்கென்று வந்துவிடும். அப்பா, மாமியார், கொழுந்தன். எப்போதாவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "தெரிஞ்சவங்க" என்பார். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதற்குள் ஒரு பெரிய கதை இருக்கும். பின்னால் வரிசை நிற்கும்.

இந்த மேசைதான் எனக்கு வழியும் காட்டியது. கம்பெனி ஒவ்வொரு தலைமுறைக்கும் தனியாகக் காசு கேட்கிறது. எனக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமையும் ஒரு போனும் வாயும்தான். அதனால் உறவில் வயதானவர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "அவங்களை நீங்க என்னன்னு கூப்பிட்டீங்க?" பேர் மறந்துவிடுகிறது அக்கா, வருஷம் மறந்துவிடுகிறது, கூப்பிட்ட முறை மட்டும் மறப்பதே இல்லை. "சின்ன மாமனாருக்கு என் கை ரசம்தான் பிடிக்கும்" என்றார் ஒரு பாட்டி. அந்த ஒரு சொல்லில் தாத்தாவுக்கு ஒரு தம்பி முளைத்துவிட்டார்! மேஸ்திரியின் கம்பெனிக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது.

தையல் பெரியம்மாதான் எந்தக் கட்டத்திலும் உட்கார மாட்டேன் என்கிறார்கள். அம்மா வீட்டில் அம்மாதான் மூத்தவள், அவளுக்கு அக்கா கிடையாது. அப்பா வீட்டில் அப்பாதான் மூத்தவர், அவருக்கு அண்ணன் கிடையாது. பிறகு பெரியம்மா எங்கிருந்து வந்தார்கள்? போன கடிதத்தில் இதற்கு நீ பதில் சொல்லவில்லை.

உன் தங்கை


மே 20

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே வெயில் அதிகம். அத்தானுக்கு இரண்டு நாள் தலைசுற்றல் இருந்தது, சரியாகிவிட்டது. கண்ணைப் பற்றி நீ எழுதியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், இன்னும் சம்மதிக்கவில்லை.

நீ கேட்டதில் ஒன்றுமில்லை. அம்மா அவரை மரியாதைக்கு அக்கா என்று கூப்பிட்டாள். அதனால் உனக்குப் பெரியம்மா. பக்கத்து வீட்டுக்காரரை மாமா என்பதில்லையா, அதுபோல. அதற்கெல்லாம் கட்டம் போட்டுக்கொண்டிருக்காதே.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை உப்பு குறைக்கச் சொல். இனி என் விஷயத்துக்கு வருகிறேன். கோபமாக இருக்கிறேன், எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

நீ சொன்ன கணக்கை நானும் முதலில் நம்பினேன். அம்மா சும்மா யாருக்கும் முறை கொடுக்கமாட்டாள் என்பது பிறகுதான் உறைத்தது. பால் கொடுத்தவர் இருபது வருஷமும் பால்காரம்மாதான். ஆனால் தையல் பெரியம்மா கொல்லை வாசலில் தெரிந்தால், நான் என்ன விளையாட்டில் இருந்தாலும், "யார் வந்திருக்காங்க? பெரியம்மான்னு சொல்லு" என்று அம்மா சொல்ல வைப்பாள். அதுவும் அப்பா காதில் விழுகிற மாதிரி.

சரி என்று நேற்று அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை, நம்ம வீட்டுக்குத் துணி தைக்க வருவாங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? அண்ணி தைச்சா உடம்புல ஊத்தின மாதிரி நிக்கும். எனக்குக் கூட ஒரு..." சட்டென்று நின்றுவிட்டார். "ஆமா, யாரைக் கேட்டே?"

"அண்ணின்னு சொன்னீங்களே அத்தை."

"நான் எங்கடி சொன்னேன்? கண்ணாஸ்பத்திரியில வேலை பாத்தா காது போயிடுமா?"

போனை வைத்துவிட்டார். இப்போது நீ சொல். அம்மா மரியாதைக்கு அக்கா என்றால் எனக்குப் பெரியம்மா கிடைப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். அத்தைக்கு எப்படி அண்ணி கிடைப்பார்கள்? அப்பாவின் தங்கைக்கு அண்ணி என்றால் அப்பாவுக்கு யார்?

அம்மாவுக்கு முன்னால் அப்பா ஒருத்தியைக் கட்டியிருக்கிறார். பிறகு அந்த ஒருத்தியைத் தன் வீட்டிலேயே மிஷினுக்கு முன்னால் உட்காரவைத்து, நம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கவிட்டு, கூலியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். தினமும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, நேர்மையைப் பற்றி நமக்குப் பாடம் எடுத்த அதே அப்பா.

அவர்களை அந்தப் படத்தில் ஏற்றாமல் விடமாட்டேன். மேஸ்திரியிடம் சொல்ல நீயும் ஒரு வரி எழுதிக் கொடு. மூத்தவள் சொன்னால் எடுபடும்.

உன் தங்கை


ஜூன் 6

சின்னவளுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. உடனே எழுதுகிறேன்.

இதை இத்தோடு விடு. யாரிடமும் கேட்காதே, மேஸ்திரியிடம் பேசாதே. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இனி யாரைக் கூண்டில் ஏற்றப் போகிறாய்? நான் எதுவும் எழுதித் தரமாட்டேன்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கூட நீ கேட்கவில்லை. பரவாயில்லை, நான் நலமாக இல்லை. மூன்று மாதத்தில் ஒரு கடிதத்துக்கும் அவசரப்படாதவள் இதற்கு மட்டும் அன்றைக்கே பதில் எழுதுகிறாய். "அப்படி எதுவும் இல்லை" என்று நீ எழுதவில்லை. "விடு" என்றுதான் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் உனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக? எல்லோருமாகச் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள்.

இந்த ஆத்திரத்தில் தூக்கம் வராமல் பழையதை எல்லாம் கிளறிக்கொண்டிருந்தேன். உன் கவுன்கள் எனக்கு வந்து சேருமே, அவற்றில் கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கிய கோடு இருக்கும். ஒன்றல்ல, மூன்று நான்கு கோடு. நீ வளர வளர இறக்கிவிட உள்ளே அவ்வளவு துணி விட்டுத் தைத்திருப்பார்கள். எனக்கென்று புதிதாகத் தைத்ததில் ஒரு விரல் மடிப்புதான் இருக்கும். பெரியவளுக்குச் சலுகை என்று அம்மாவிடம் அழுதிருக்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என்னை "வாடி, அளவு எடுக்கணும்" என்பார்கள். உன்னை "வாங்க, கையைத் தூக்குங்க" என்பார்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு என்ன வாங்க போங்க?

நான் பெரியம்மா என்றேன். மேஸ்திரியும் அப்படித்தான். நீ என்ன என்று கூப்பிட்டாய்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை அக்கா. தண்ணீர் கொண்டு போனால் எதிரில் போய் நிற்பாய். அவர்களாக நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பாய். நீ அவர்களை எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இன்று ஆஸ்பத்திரியில் ஒருவர் ஒரு வயதான அம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். என்ன வேணும் என்று கேட்டேன். "தெரிஞ்சவங்க" என்றார். எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. வரிசை கத்தியது.

ஊசியில் நூல் கோக்க முடியாதவர். எழுபதுக்கு மேல். அக்கா, அந்தத் தெரிந்தவர் யார்? அவர் உனக்கு என்ன வேணும்?

தங்கை


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை மாதம் ஆயிற்று. போன் போட்டால் அத்தான் எடுத்து, நீ தூங்குகிறாய் என்கிறார், காலை பதினோரு மணிக்கு. சுகமாக இருக்கிறாயா என்று மட்டுமாவது எழுது. கேட்டதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை.

மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். நீ பேசாதே என்றாய், பேசினேன். அப்பாவுக்கு முதல் மனைவி ஒருவர் உண்டு, சேர் என்றேன். அதிர்ச்சி அடைவான் என்று பார்த்தால், எழுந்து போய்ச் சித்தப்பா படுத்திருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவனுக்கும் தெரியும்! பிறகு டைல்ஸ் பேரம் பேசுவது மாதிரி ஆரம்பித்தான்.

"அக்கா, இப்ப கட்டம் சேர்த்தா டிசைன் மாத்தணும். எக்ஸ்ட்ரா ஆகும்."

"எவ்வளவு ஆகுமோ நான் தர்றேன்டா."

"காசு இல்லைக்கா விஷயம். வேணும்னா ஓரமா 'குடும்ப நண்பர்'னு போட்டுக்கலாம். ஒரு பூ டிசைன் வச்சு."

பூவாம். இதில் இன்னொரு வேடிக்கை. எங்கள் மருந்து கவுண்டர் பெண்ணின் மாமனார் வீட்டிலும் அதே கம்பெனிப் படம் மாட்டியிருக்கிறார்கள். உச்சியில் அதே தளபதி, அதே மீசை. இல்லாத தளபதிக்குத் தங்கப் பார்டர், உயிரோடு இருக்கும் ஒரு மனுஷிக்கு ஓரத்தில் பூ. மேஸ்திரியின் புது டீப்பாய்மேல் இதைச் சொல்லி ஓங்கித் தட்டினேன். கை இன்னும் வலிக்கிறது.

தங்கை


ஆகஸ்ட் 25

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கைக்கு மருந்து தடவு.

நீ நினைத்தது சரி. அவர்தான் என்னைப் பெற்றவர்.

எனக்கு இரண்டு வயது ஆகும்போது அவருடைய அம்மாவுக்குப் படுக்கையில் பணிவிடை செய்யப் போனார். குழந்தைக்கு அங்கே காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று என்னை இங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாதங்கள் ஓடிவிட்டன. அவர் திரும்பி வந்து கதவைத் தட்டியபோது நம் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். மூத்தவள் செத்துப்போய்விட்டாள் என்று சொல்லித்தான் அம்மாவைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சேதியை அம்மா வீட்டில் போய்ச் சொன்னவர் சித்தப்பா. மேஸ்திரி ஏன் கதவைச் சாத்தினான் என்று இப்போது தெரிகிறதா?

அம்மா அப்பாவோடு போட்ட சண்டையில்தான் அவர் வீட்டுக்குள் வர முடிந்தது. தையல்காரியாக. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வாங்க போங்க என்றுதான் பேசவேண்டும், நான் அவரை அம்மா என்று சொல்லக் கூடாது. இது அப்பா போட்ட கட்டளை. எனக்கு ஒன்பது வயதில் அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள்: "தங்கச்சி பெரியம்மான்னு சொல்லட்டும், அது அவளுக்கு நிஜம். நீ சொன்னா பொய். நிஜத்தைச் சொல்ல உன்னை விடமாட்டாங்க. அதனால நீ ஒண்ணும் சொல்லாதே." நான் ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு அவரையும் இங்கே வரவைத்தேன். மருந்துக்கடை மாடியில் ஒரு அறை. வாரம் இரண்டு முறை போகிறேன். அத்தானுக்குத் தெரியும். இன்றைக்கும் என்னை "வாங்க" என்றுதான் சொல்கிறார். இன்றைக்கும் நான் எதிரில் போய் நிற்கிறேன்.

உன் படத்தைப் பற்றிச் சொன்னேன். "அந்த வீட்டுல தலைவாசல் வழியா என்னை விடலை. இப்ப அதே வீட்டுக் கட்டத்துல போய் உக்காரச் சொல்றீங்களா?" என்றார். அவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்காததற்கும் காரணம் இதுதான். நீ எழுதிய அந்தக் கேள்வியைப் படித்துக் காட்டியிருந்தேன், விவரம் தெரியட்டும் என்று. "அங்க கேப்பாங்களே, நீங்க என்ன சொல்லுவீங்க? தெரிஞ்சவங்கன்னுதானே? அதைக் காதால கேக்குறதுக்குக் கண்ணு தெரியாமலே இருந்துட்டுப் போறேன்" என்கிறார்.

உன்னிடம் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லிவிட்டால் நான் உனக்கு என்ன வேணும் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா


செப்டம்பர் 2

என் அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

அக்கா வேணும். இத்தனை வருஷமாக அந்த மேசையில் உறவு எழுதுகிறேன், பாதி அக்கா என்று யாரும் வந்து சொன்னதில்லை. நம் பேச்சில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. இதற்காகவா நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாய்? உன் மேல் எனக்கு வந்திருக்கும் கோபத்தில் பக்கத்தில் இருந்தால் கிள்ளிவைத்திருப்பேன்.

அப்பாவின் போட்டோவை ஹாலிலிருந்து எடுத்துவிட்டேன். சுவரில் வெளிறாத ஒரு சதுரம் தெரிகிறது. தெரியட்டும்.

மேஸ்திரியிடமும் முடித்துவிட்டேன். உள்ளே போய்ச் சித்தப்பா கட்டிலருகே நின்று, "செத்துப்போனதா நீங்க சொன்னவங்க நல்லா இருக்காங்க சித்தப்பா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெளியே வந்து மேஸ்திரியிடம், "எங்க ரெண்டு பேர் கட்டத்தையும் எடுத்துடு" என்றேன். "அக்கா, அந்தப் பக்கம் காலியா இருந்தா படமே சாஞ்ச மாதிரி தெரியும்" என்று கெஞ்சினான். சாயட்டும். வருகிறவர்கள் ஏன் என்று கேட்கட்டும்.

என் படம் இத்துடன் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கண் பார்வை அட்டையின் பின்பக்கம் வரைந்தேன், செலவில்லை. மேலே பெரியம்மா, அம்மா, பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு கட்டம். பெரியம்மாவிலிருந்து உனக்கு ஒரு கோடு, அம்மாவிலிருந்து எனக்கு ஒரு கோடு, அம்மாவிலிருந்து உனக்கும் ஒன்று. வளர்த்தவள் அவள்தானே. நமக்குக் கீழே நிறைவு கிடையாது, நிறைய இடம் விட்டிருக்கிறேன். அப்பாவை ஓரமாகப் போட்டிருக்கிறேன். வேண்டுமானால் ஒரு பூ வரைந்துகொள்.

இது எந்த வீட்டுக் கட்டமும் இல்லை என்று அவர்களிடம் சொல். சுவரில் மாட்டுவதற்கும் இல்லை. ஆனால் அக்கா, அந்த மேசைக்கு நீ போயே ஆகவேண்டும். கேட்பார்கள். வரிசை நிற்கும். சீக்கிரம் சொல்.

தங்கை


அக்டோபர் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் நலம். உன் அட்டையை அவர் மடியில் வைத்து, விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் நகர்த்திக் காட்டினேன். அவர் கட்டத்திலிருந்து என்னிடம் வந்த கோட்டில் விரல் இரண்டு தடவை போய் வந்தது. மறுநாள் நான் போனபோது, வெளியே போகிற உடையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

நேற்று வலது கண் முடிந்தது. அவரைச் சுவரோரமாக நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் வரிசையில் நின்றேன். உன்னை மாதிரி ஒரு பெண், நிமிர்ந்து கூடப் பார்க்காமல் கேட்டாள். கையிலிருந்த சீட்டை மடித்தேன், பிரித்தேன். பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டினார். சொல்லிவிட்டேன். அவள் எழுதிக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றாள். அவ்வளவுதான். நாற்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தது அவள் பேனாவுக்கு ஒரு நொடி வேலை. கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

அவர் சுவரோரம் இருந்ததால் காதில் விழவில்லை. கட்டுப் போட்டு வார்டுக்குக் கொண்டு வந்த பிறகு, டீ வாங்கிக்கொண்டு போய் வழக்கம்போல் எதிரில் நின்றேன். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புரை, எப்படி நிமிர்ந்து பார்ப்பார்? கூப்பிடத்தான் வேண்டியிருந்தது. "அம்மா" என்றேன்.

முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினார். "யாரோ அவங்க அம்மாவைத் தேடி வந்திருக்காங்க போல. பாவம், என்னன்னு போய்க் கேளுங்க" என்றார்.

கதவு வரைக்கும் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து, அவர் காதருகே குனிந்து, இன்னொரு தடவை கூப்பிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்குதுடி" என்றார். "கத்தாதே."

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ வருவாயா?

உன் அக்கா